வலை இறங்காத ஒன்பது நாட்கள்

பூவாறு பக்கம் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. மழையில் ஆறு பெருகினால் அதை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். பொழி முறிந்தது என்பார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் அப்படிப் பொழி முறிந்த காலையில், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை ஏற்றிப் போன வள்ளம் அந்த நீர்ச்சுழியில் கவிழ்ந்தது. போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் நீந்திக் கரையேறினார்கள். ரத்னாபாயின் புருஷன் பனியடிமை ஏறவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

ரத்னாபாய் கடற்கரைக்காரி அல்ல. பாறசாலைக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். பத்தாம் வகுப்பு படித்தவள். கட்டிக்கொண்டு வந்து நாலு வருஷம் ஆகியும் அந்தக் கரையின் நடைமுறைகள் பாதிதான் தெரியும். யாரும் உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் ஜன்னலில் நின்றால் கடல் தெரியும். வலையோடு கரையொதுங்கிய வள்ளம் மணலில் கவிழ்ந்தே கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். கரமடிக்காரர்கள் யாரும் அதைத் தொடவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அசையாமல் கிடந்தால் மூச்சு வரும். 'இவங்களும் அவரை விட்டுறல. எங்கேயாவது கரையேறி, யாரோ ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்து, வருவாருன்னுதான் காத்திருக்காங்க' என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் சோறு இறங்கியது.

ஒன்பதாம் நாள் மதியம் நாத்தனார் ஜெஸ்லின் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொண்டு வந்து வைத்தாள். நாலாம் நாளிலிருந்து அதுதான் வந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கும் வள்ளம் எறக்கலியே ஜெஸ்லின். அவங்களுக்கும் தெரியுது பாரு, உங்கண்ணன் வருவாருன்னு."

ஜெஸ்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மைனி, நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா? மூணு நாளா சாளை மீனு கரையோரம் துள்ளிட்டுக் கெடக்கு. காக்கா கொத்தித் தின்னுது. நம்ம அடுப்புல பூனை ஒறங்குது."

"பின்னே ஏன் வலை எறக்கல?"

"அண்ணனுக்க இடுப்புப் பட்டை ஒங்க வீட்டுல அல்லே கெடக்கு. மடி இழுக்குறவன் செத்தா, அவன் பெண்டாட்டி கையாலதான் அது வேற ஆளுக்குப் போவணும். அதுவரைக்கும் வலை எறங்காது. வாய்விட்டுக் கேக்கவும் கூடாது. கேட்டா, 'செத்தான்னு ஒத்துக்கோ'ன்னு சொன்ன மாதிரி."

"அப்போ ஒம்பது நாளா…"

"ஒம்பது நாளா கரை மொத்தமும் ஒங்க வாசலப் பாத்துட்டு இருக்கு மைனி. நீங்க சம்மதிக்கலன்னு நெனச்சிட்டு."

ரத்னாபாய் எழுந்து ஜன்னலை அடைத்தாள். யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. பட்டினியைத்தான் அவள் நம்பிக்கையென்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் முதலில் வந்தது. பிறகு ஆத்திரம். தர மாட்டேன், கிடக்கட்டும் என்று ஒரு நாழிகை சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை மரச்சீனி வேண்டாமென்று அழுதது. தாய் அடித்தாள். குழந்தை மறுபடியும் அழுதது.

பட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கரையில் நின்று வலை இழுக்கும்போது இடுப்பில் கட்ட, பழைய வலைக்கயிற்றில் பின்னியது. உப்பேறி விறைத்து, அவன் இடுப்பின் வளைவிலேயே நின்றது.

அவள் அதை எடுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போவாள் என்று ஜெஸ்லின் எதிர்பார்த்தாள். ரத்னாபாய் மேற்கே கடலுக்குத் திரும்பாமல் காயல் பக்கம் நடந்தாள். அங்கே சிலுவைதாசன் வீடு. கவிழ்ந்த வள்ளத்தில் பனியடிமைக்கு அடுத்து இருந்தவன். அன்றிலிருந்து அவன் வெளியே தலைகாட்டவில்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் திரும்பினான்.

"ஏச வந்தியளா? ஏசுங்க. கேக்கத்தான் இருக்கேன்."

"ஏச வரல. எழும்பு."

"கையப் புடிச்சேன் சேச்சி. இந்தக் கையாலதான் புடிச்சேன். வழுகிப் போச்சு."

அது அவளுக்குத் தெரியாது. பனியடிமையைக் கடைசியாகத் தொட்ட கை எது என்று ஒன்பது நாளும் அவள் யோசித்ததில்லை.

இருந்தும், "தெரியும்," என்றாள். பட்டையை நீட்டினாள்.

"இது எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுங்க."

"நீயே கட்டுறியா, நான் கட்டிவிடணுமா?"

சிலுவைதாசனின் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் எழுந்தான்.

கரையில் வலைக்குச் சொந்தக்காரரான மடிக்காரர் பிச்சைக்கனி சிலுவைதாசன் இடுப்பைப் பார்த்தார். ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"என்னலே பாக்கிய? மாமியார் வீட்டு விருந்தா? தள்ளுங்கலே வள்ளத்த!"

வள்ளம் ஒரு சுற்று சுற்றி வலையை விட்டு வந்தது. இரண்டு பக்கமும் கயிற்றில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஏலோ போட்டு இழுத்தார்கள். வெயில் சாயச் சாய வலையின் மிதவைகள் நெருங்கி வந்தன. மீன் சேரும் பையான மடி கண்ணுக்குத் தெரிந்ததும் ஏலோ சத்தம் தானாகவே தாழ்ந்தது. வழக்கமாக அப்போதுதான் கூச்சல் உச்சத்துக்கு ஏறும். கால்கள் மணலில் நின்றுவிட்டன. எல்லோருக்கும் ஒரே பயம், மடியில் மீனோடு பனியடிமையும் வந்துவிடுவானோ என்று. ரத்னாபாய்க்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"மக்களே, நீ வீட்டுக்குப் போ," என்றார் பிச்சைக்கனி மெதுவாக. "மடி கரையேறுனா ஆளனுப்புறேன்."

"இல்ல மாமா. நான் பாக்குறேன்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், பிறகு தொடை. அலை ஒன்று நெஞ்சில் அறைந்தது. மடியின் வாயை இரண்டு கையாலும் விரித்தாள். சாளை கொதித்துக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு, முழங்கை வரை விட்டு, விலக்கி விலக்கிப் பார்த்தாள். கரை மொத்தமும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இருந்தால் நல்லதா, இல்லாவிட்டால் நல்லதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவரு இதுல இல்ல," என்றாள். அலையில் அது கரைக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "இல்ல. இழுங்க."