கட்டிங்

எங்கள் மலையில் ‘கட்டிங்’ என்றால் அர்த்தம் ஒன்றுதான். வேனில் ஏறி, ஆந்திராப் பக்கத்துக் காட்டில் இறங்கி, செம்மரம் வெட்டுவது. ஊரில் மற்றவர்கள் அந்த வார்த்தையைச் சாதாரணமாகப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. என் கணவரின் அண்ணன் தனசேகரன், ஓசூரில் சென்ட்ரிங் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர், ஆம்புலன்சில் திரும்பி வந்தார். பாறையிலிருந்து விழுந்துவிட்டார் என்றான் ஒருவன். ஓடும்போது மூச்சு நின்றுவிட்டது என்றான் இன்னொருவன். துணியைப் பிரித்துப் பார்க்க எங்களை விடவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் பெயர் இன்றுவரை வெளியே வரவில்லை.

அதனால்தான் என் கணவர் கோபால், பெங்களூரில் பார் வேலை கிடைத்திருக்கிறது என்றபோது நான் சண்டைக்கு நின்றேன். வேலை வாங்கிக் கொடுப்பவன் அன்பரசன் என்று கேட்டதும் இன்னும் பிடிவாதமாக நின்றேன். அவன் கணியம்பாடிப் பக்கத்து ஆள். புளி எடுக்க மலைக்கு வருவான், புளியோடு ஆளையும் எடுத்துக்கொண்டு போவான். யாரைக் கண்டாலும் பல்லைக் காட்டுகிற அந்த முகத்தை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குடிகாரன் எச்சில் கிளாஸ் கழுவ அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டேன். கழுவுவது இல்லை, பரிமாறுவது என்றார். என் மாமியார் சாந்தம்மாள், மகன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, காட்டுக்குப் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் விட்டார்.

போன இரண்டாம் நாளிலிருந்து வீடியோ வர ஆரம்பித்தது. மொட்டை மாடியில் ஒரு பார், சுற்றிலும் ஊரே விளக்காக எரிந்தது. இன்னொன்றில் பீரைக் கடைக்குள்ளேயே காய்ச்சினார்கள், அண்டா அண்டாவாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. வேறொன்றில் ஆணும் பெண்ணும் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வேலை முடிந்ததும் இப்படி ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். நான் அங்கே போய் நின்றால் பெண்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொள்வார்கள். உன் வீட்டுக்காரர் இனிமேல் எங்கே நம் களியைத் தின்னப் போகிறார் என்று கேலி பேசுவார்கள். நானும் சிரிப்பேன். எந்த வீடியோவிலும் அவர் முகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எடுப்பவர் எப்படித் தெரிவார் என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நான் மேட்டில் நின்றபோது அவரே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது. பின்னால் பாட்டில்லை, கூத்தில்லை. சாப்பிட்டாயா, குழந்தை என்ன செய்கிறது, அம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏன் இப்படி மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் வேறாக வந்தது.

“நாலு நாளைக்கு போன் எடுக்க முடியாது. கட்டிங் ஜாஸ்தியா கீது ஈஸ்வரி, வெக்கிறேன்.”

அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். இருட்டும்வரை முயன்று பார்த்துவிட்டு மேட்டைவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மறைக்கத்தான் நினைத்தேன், முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். அன்று இரவு அவர் சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் குழந்தைக்கு மட்டும் கஞ்சி காய்ச்சினேன். சாலையில் வண்டிச் சத்தம் கேட்டாலே இரண்டு பேரும் எழுந்து நின்றோம். ஆம்புலன்ஸ் சத்தம் எப்படித் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அன்பரசனைத் தேடித் திருப்பத்தூர் பஸ் ஏறினேன். அவனும் போனை எடுக்கவில்லை. திருப்பத்தூர் வந்தால் அவன் இன்ன ஒயின்ஷாப் பாரில்தான் உட்கார்ந்திருப்பான் என்று பஸ் டிரைவர் சொன்னார். பஸ் வழியில் பஞ்சராகி, போய்ச் சேரவே மாலையாகிவிட்டது.

பாருக்குள் பெண்பிள்ளை போவாளா என்று கேட்காதீர்கள். பயம் வந்தவளுக்கு வெட்கம் ஏது? தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத் தரை, ஊறுகாய் நாற்றம். வீடியோவில் பார்த்ததற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவித்த சுண்டல் தட்டு வைத்துக்கொண்டிருந்த சப்ளையரிடம் அன்பரசனைக் கேட்டேன். அந்தத் தம்பி பெயர் ரஞ்சித்குமார். அன்பரசன் இந்தப் பக்கம் வந்தே ஒரு மாதம் ஆகிறது என்று சொல்லி, என்னை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

அப்போது பக்கத்து மேஜையில் ஒருவர் கூட இருந்தவரிடம், எனக்கு ஒரு கட்டிங் போதும் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரஞ்சித்தைக் கூப்பிட்டு அவர் என்ன கேட்கிறார் என்று விசாரித்தேன். அவன் சிரித்துவிட்டான். குவார்ட்டர் பாட்டிலை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக் குடிப்பதற்குப் பெயர்தான் கட்டிங்காம்.

போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது எனக்கு அந்த நாற்றம் பிடித்த கொட்டகையில் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுகையும் வந்தது. பாவி மனுஷன், குடிக்கிறவர்கள் கேட்பதைச் சொல்லியிருக்கிறார், நானும் அத்தையும் மூன்று நாளாகப் பட்டினி கிடந்திருக்கிறோம். அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வீடியோக்களையும் காட்டினேன். இதில் ஏதோ ஒரு பாரில்தான் என் வீட்டுக்காரர் பரிமாறுகிறார், அங்கே கட்டிங் ஜாஸ்தி என்று சொன்னார் என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவனும் பெங்களூரில் இதே மாதிரி இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவனாம். வீடியோவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான். எதையோ சொல்ல யோசித்தான்.

“அக்கா, அங்கல்லாம் பெக் கணக்குல ஊத்துவாங்க. முப்பது மில்லி, அறுவது, தொண்ணூறுன்னுதான் கேப்பாங்க. கட்டிங்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இந்த வீடியோகூட அந்தக் கடைக்காரங்க விளம்பரத்துக்குப் போட்டது, என் போன்லயும் கீது.”

உடனே அவரை என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடிக்கிறதே என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரஞ்சித்தின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். புது நம்பர். உடனே எடுத்தார்.

“அண்ணே, வண்டி எங்க நிக்குது?”

மூச்சு வாங்கிக்கொண்டு ரகசியமாகக் கேட்டார். நான்தான் என்றேன். அந்தப் பக்கம் மரத்தில் மரம் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. எங்கே இருக்கிறீர்கள், ஓடி வந்துவிடுங்கள் என்று நான் ஏதேதோ சொன்னேன்.

“போனை வை ஈஸ்வரி. வெளிச்சம் தெரியும்.”

அவரே வைத்துவிட்டார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் இருக்கும் காட்டிலும் அப்படித்தான் இருட்டியிருக்கும். அத்தையின் தலைமேல் வைத்த அந்தக் கையில் இப்போது கோடாலி இருக்கிறது என்று நினைத்தபோது கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் கோபமும் போய்விட்டது, பயம் மட்டும் நின்றது. தனசேகரன் மாமா இறந்தபோது நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன். ரஞ்சித் தெருமுனை வரை கூட வந்து காட்டிவிட்டு நின்றுகொண்டான்.

மேஜையில் தெற்கத்திப் பேச்சுப் பேசும் இளவயதுக் காவலர் ஒருவர் இருந்தார். செம்மரம் என்று சொல்லிவிட்டால் என் கணவர் திருடன் ஆகிவிடுவார். அதனால் எங்கள் ஊர் வார்த்தையையே சொன்னேன்.

“எங்க வூட்டுக்காரரு கட்டிங்குக்குப் போய்ட்டாருங்க சார்.”

என் புடவையில் அந்தப் பாரின் வாடை அடித்திருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கட்டிங்தானம்மா? தெளிஞ்சதும் தானா வந்துருவாரு. வீட்டுக்குப் போங்க.”

பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். அவரே போகச் சொல்லிவிட்டார். வாசல்வரை வந்தேன். ஜெயிலுக்குப் போனால் எத்தனை வருஷமானாலும் மனு போட்டுப் போய்ப் பார்க்கலாம். இன்னொரு ஆம்புலன்ஸை அத்தையும் நானும் எப்படித் தாங்குவோம்? திரும்பிப் போய் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

“குடிக்கப் போவல சார். செம்மரம் வெட்டப் போயிருக்காரு. பேரு கோபால். நம்பர் தர்றேன், ஊரு அட்ரஸ் தர்றேன், எல்லாம் தர்றேன். உசுரோட புடிச்சுடுங்க சார்.”