வண்டியில் குறையில்லை

தெருவில் அவனை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்த டாக்டர் இல்லை, கார் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்று சொன்னால் பேரிங்தான் போயிருக்கும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவனுக்கு ஒரே அக்கா. வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிடும் நர்ஸ். ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் தம்பியின் ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"பிரேக்கை மிதிச்சா இன்ஜின் ஆஃப் ஆயிடுதுடா. சிக்னல் கிட்ட நடுரோட்டுல நிக்கிறேன். பின்னாடி இருக்கறவன்லாம் ஹாரன் அடிச்சே கொல்றான்."

அவன் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். இரண்டு மூன்று இடத்தில் அழுத்தி பிரேக் போட்டான். இன்ஜின் அது பாட்டுக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து அக்காவின் வீட்டுக்காரர், மாமாவும் வந்து சேர்ந்தார். அக்கா கார் ஓட்டுவதே அவருக்கு ஆகாது. ஷெட்டில் வேறு நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் இருந்தால் நம்ம டாக்டருக்கு வாய் சும்மா இருக்குமா?

"வண்டில ஒரு குறையும் இல்ல மாமா. அக்கா கால்லதான் குறை. கிளச்சை ஒழுங்கா மிதிக்கிறதில்ல. பிரேக் போட்டா வண்டி நிக்காம பின்ன பறக்குமாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறமும் கொஞ்ச நாள் ஓட்டினாள். இன்ஜின் அணைவது அணைந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மாமா, "உன் தம்பியே சொல்லிட்டானே, இன்னும் என்ன?" என்றார். ஒருநாள் அவளே சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். பஸ் போகாத இரண்டு வீடுகளுக்கு இனி வர முடியாது என்று சொல்லியும்விட்டாள். காரை விற்றுவிடுவது என்று முடிவாகி, ஆள் பார்க்கும் பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது.

வாங்க வந்தவர் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். அவர் ஓட்ட, இவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். முதல் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தார். இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது.

"கிளச்சை..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். அவரிடம் போய்க் கிளச்சைப் பற்றிப் பேச முடியுமா?

"பிரேக்கை மிதிச்சா ஆஃப் ஆகுது தம்பி" என்றார் அவர்.

அக்கா சொன்ன அதே வார்த்தை. அவள் சொன்னபோது சிரிப்பு வந்தது. இவர் சொன்னதும் சிரிப்பு வரவில்லை.

"நீங்க இப்படி வாங்க, நான் பாக்கறேன்" என்று இடம் மாறி உட்கார்ந்து ஓட்டினான். பிரேக் போட்டான். அணையவில்லை. மறுபடி போட்டான். அப்போதும் அணையவில்லை. அது எப்படி என்று குனிந்து தன் காலைப் பார்த்தான். பாதத்தின் முன்பக்கம் பிரேக்கில் இருந்தது, குதிகால் ஓரம் ஆக்சிலேட்டரில் இருந்தது. சாகக் கிடக்கிற இன்ஜின்களை வழியில் அணையவிடாமல் ஷெட்டுவரை கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்து வந்த பழக்கம். குதிகாலைத் தூக்கிக்கொண்டு மிதித்தான். அணைந்துவிட்டது.

ஓரம் கட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துக் காதைத் தாழ்த்தினான். பெடலுக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று காற்று இழுத்தது. பிரேக்கை லேசாக்கிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் ரப்பர் கிழிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் அது வழியாகக் காற்று இன்ஜினுக்குள் புகுந்து அதை மூச்சடைக்க வைத்தது. பூஸ்டர் குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு மிதித்துப் பார்த்தான். பெடல் கல்லாக இருந்தது, இன்ஜின் அணையவில்லை. வேறு சந்தேகமே இல்லை. அக்கா வந்த அன்றைக்கு ஒரு நிமிஷம் குனிந்து கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வெட்கத்தில் அவனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

"வண்டி விக்கிறதுக்கு இல்லண்ணே, மன்னிச்சுக்கோங்க" என்றான் லாரிக்காரரிடம். யாரோ ஒருவரிடம் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

பூஸ்டரை மாற்றிவிட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனவன், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் பூசி மெழுகினான்.

"பூஸ்டர் போயிருந்துச்சு மாமா. இப்ப சமீபத்துலதான் போயிருக்கும்."

"அப்ப அது வேற, அவ கதை வேற" என்றார் மாமா.

"ஆமா" என்றான். எப்படித்தான் வாய் வந்ததோ.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தெருக்கோடிவரை போனாள். பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கை அதற்குள் சாவிக்குப் போய்த் திருகிவிட்டது. ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் கர்ரென்று அரைத்தது. திரும்பி வரும்போது இன்னொரு தடவையும் அதேதான். பிரேக்கில் கால் பட்டதும் கை தானாகச் சாவிக்கு ஓடியது.

"மன்னிச்சுக்கடா" என்றாள் அவள், வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு. "என் கால் மட்டுமில்ல, கையும் சரியில்ல போல."

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, அது அன்னைக்கே கிழிஞ்சிருந்துச்சு. நான் சரியா பாக்கல. நீ சொன்னதை நான் நம்பவே இல்ல."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை ஏன்டா என்கிட்ட சொல்ற? எனக்குத் தெரியாதா? உங்க மாமா உள்ளதான் இருக்காரு. அவர்கிட்ட போய்ச் சொல்லு. அன்னைக்குச் சொன்ன அதே குரல்ல சொல்லு, நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். அவள் இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.