இடது இறக்கை

அது முப்பத்தொன்றாம் வருஷம் என்றுதான் நினைக்கிறேன். நான் அப்போது பிறக்கவில்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்ததால், ஜஹீதா பல வருஷங்களில் துண்டு துண்டாகச் சொன்னவை இவை. இடையில் நானாகச் சேர்த்துக்கொண்டதும் இருக்கலாம். ஆனால் வெந்நீர் கேட்டது மட்டும் நிச்சயம்.

அவள் கணவர் ஷபீ அஹமதின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரைக்குள்ளிருந்து இன்னொரு செம்பு வெந்நீர் கேட்டார்கள். கட்டைவிரல் நகத்தில் ஏதோ பசை காய்ந்து கிடக்கிறது, அது போகாவிட்டால் நகத்தில் தண்ணீர் படாது, குளிப்பாட்டியது சேராது என்றார்கள். என்ன பசை என்று ஜஹீதாவுக்குத் தெரியும். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரம். முந்தைய நாள் மாலை அதைத் தொட்டுத்தான், பின்கட்டில் வைத்திருந்த ஒரு பருந்தின் ஒடிந்த வலது இறக்கையை ஒட்டி முடித்திருந்தார். காலையில் வேலைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோல் ஊறும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவள் தண்ணீரை மொண்டு கொடுத்தாள்.

ஷபீ வேலை செய்த ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில், சுரண்டிப்போட்ட சவ்வுக்காகப் பருந்துகள் வட்டமிடும். எப்போதாவது ஒன்று சுண்ணாம்புத் தொட்டியில் விழும். கழியால் எடுத்து எறிந்துவிடுவார்கள். ஷபீ கழுவிக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். சுண்ணாம்பில் வெந்த இறகுகள் பாதியில் ஒடிந்துபோகும். ஒடிந்த இடத்தைக் கத்தரித்து, தண்டின் குழலுக்குள் மூங்கில் சீவலைச் செருகி, வேறு பருந்து உதிர்த்த இறகை அதன் மறுமுனையில் பொருத்தி ஒட்டுவார். ஜஹீதாவின் வேலை பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வது. அலகைக் கண்டால் பயம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பாள்.

"பாரேன், ஒண்ணும் பண்ணாது" என்பார்.

"நீங்க பாக்கறீங்க இல்ல, போதும்" என்பாள்.

உடலில் சுற்றிய கபன் துணியை விலக்கி, கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள் என்று சொன்னபோதும் அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. கணவனை இழந்து இத்தத்தில் உட்கார்ந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்ட முடியாது, வெளி ஆண்கள் முன்னால் வர முடியாது. ஷபீயின் அக்கா மஹ்பூபி வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பின்கட்டில் பருந்து ஓயாமல் கத்தியது. ஓதுகிற வீட்டில் இது என்ன சத்தம் என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஷபீயோடு தொட்டியில் வேலை செய்த தானியேலுக்கு மஹ்பூபி சொல்லியனுப்பினாள். மூன்றாம் நாள் ஓதி முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

தானியேல் இரண்டாம் நாளே சவ்வுத் துண்டுகளோடு வந்து, மூடிய பின்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பாபி, நாளைக்கு எடுத்துனு போவச் சொல்லிட்டாங்க. ஒரு பக்கம்தான் இறக்கை இருக்குது. எங்க வுட்டாலும் தத்தித் தத்தி வீயும். நாய் வுடாது."

"நீங்க ஒட்டிடுங்களேன் அண்ணே."

"என் விரலு சுண்ணாம்புல வெந்து கட்டையாயிருச்சு. ஊசிகூட புடிக்க வராது. கூட இருந்து புடிச்சது நீங்கதான?"

பிடித்தாள்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, ஓதத் தொடங்கும் முன்பே சமையற்கட்டிலிருந்து புகை வந்தது. கூடத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்பில் தகரக் குவளையில் வஜ்ரம் உருகிக்கொண்டிருந்தது. இடது இறக்கைக்கென்று ஷபீ வரிசைப்படி நூலில் கட்டிவைத்திருந்த இறகுகள் தரையில் கிடந்தன. ஜஹீதா பருந்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, முடித்த வலது இறக்கையை விரித்து, ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தாள். எதுவும் கோணவில்லை. ஓர் இறகின் தண்டில் மட்டும் பசை கொஞ்சம் வழிந்து, அதில் கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மஹ்பூபி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அடுப்பு மூட்னியா? மூணு நாள் முடியல. வந்தவங்க இன்னா நெனப்பாங்க?"

"சோறாக்கல ஆபா. பசை காய்ச்சறேன்."

மஹ்பூபி அடுப்பைப் பார்த்தாள். நூலில் கட்டியிருந்த இறகுகளைப் பார்த்தாள். அந்த முடிச்சு அவளுக்கும் தெரிந்த முடிச்சு. பருந்து திமிறி ஜஹீதாவின் மணிக்கட்டைக் கீறியது. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மறு கையைக் கத்தரிக்கு நீட்டினாள். எட்டவில்லை.

"இருக்கறது ரெண்டு கை. எப்டிடி பண்ணுவே?"

மஹ்பூபி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பருந்தைத் துணியோடு வாங்கி மடியில் அழுத்திக்கொண்டாள். "கொத்திச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜஹீதா கத்தரியை எடுத்தாள்.

தானியேல் அதை ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் விட்டார். பறந்தது, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து பறந்தது என்று வந்து சொன்னார். பிறகு கோலார் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே இறந்தார். மஹ்பூபி மூட்டுவலியோடு வெகுகாலம் இருந்து போய்ச் சேர்ந்தாள். ஜஹீதா அதே வீட்டில் இருந்தாள். தொட்டியில் பருந்து விழுந்தால் ஷாப்பிலிருந்து அவளிடம் கொடுத்தனுப்புவார்கள். அவள் இறந்தபோது குளிப்பாட்டிய பெண்கள் வெந்நீர் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் ஆண்களோடு தெருவில் நின்றிருந்தேன்.