கமாண்டர் கட்டிய கயிறு

துறையில் என் கணவரை எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பற்படையில் இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பொம்மைக் கடையில் வாங்கிய ஒரு தொப்பி, அதன் நெற்றியில் தங்க நிறத்தில் ஒரு நங்கூரம், அவ்வளவுதான் அவருடைய படை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற எங்கள் படகுக்கு அவர் ஓட்டுநர். நான் சீட்டுக் கிழிப்பவள். மதியம் அவர் இன்ஜின் பெட்டிமேல் சாய்ந்து குறட்டை விடும்போது படகை ஓட்டுபவளும் நான்தான். அது மட்டும் கணக்கில் வராது.

கமாண்டர் கயிறு கட்டுகிற கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க வேண்டும். படகு துறையைத் தொட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குதிப்பார். இரும்புத் தூணில் கயிற்றை ஒரு சுற்று, அதன்மேல் ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் இன்னொன்று, அது போதாதென்று அதன் தலையில் ஒன்று. கடைசியில் தூணுக்குக் கழலை வந்தது போல இருக்கும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் கட்டுனா கட்டுனதுதான். புயலே வந்தாலும் அசையாது" என்பார். வாஸ்தவம், புயலுக்கு அசையாது. காலையில் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவருக்கும் அசையாது. நகத்தால் நோண்டுவார், பல்லால் கடிப்பார், பிறகு சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து அறுத்துவிட்டு, "போலாம் ரைட்!" என்று கத்துவார். ஜனங்கள் அதையும் ஒரு வீரம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தூணில் மிஞ்சிய துண்டை உட்கார்ந்து அவிழ்த்தெடுப்பது என் வேலை.

அந்தத் துண்டுகளை நான் எறிந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற கொடி முழுக்க அவர் அறுத்தவைதான். நீலம், பச்சை, அழுக்கு வெள்ளை என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனேன். நனைந்த போர்வையைப் போட்டால்கூட ஒரு இடத்திலும் நழுவாது. அதற்குப் "பிச்சைக்காரக் கொடி" என்று பெயர் வைத்தவரும் இந்த மகானுபாவர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் துறை அலுவலகம் ஒரு புது விதி போட்டது. ஆற்றின் மேல்பக்கம் எங்கோ ஒரு படகு, கட்டு நழுவி, ஏறிய ஜனங்களோடு ஆற்றில் போய்விட்டதாம். இனிமேல் முடிச்சுப் போடுவதிலும் கயிற்றைப் பராமரிப்பதிலும் தேறிய ஒருவராவது இல்லாமல் எந்தப் படகும் கிளம்பக்கூடாது. தேறியவர்தான் படகுக்குப் பொறுப்பு. மற்றவர் அவர் சொல்படி நடக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒருவரும் தேறாத படகின் தடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்களுக்கு அந்தப் படகை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது.

கமாண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கே பரீட்சையா? கொடுமடா சாமி! சரி, ஒரு படகுக்கு ரெண்டு பேர் வரலாமாம். நீயும் வா. சும்மா வந்து நில்லு, போதும்."

"நானும் கத்துக்கறேனே."

"உனக்கு எதுக்குடி? கயிறு பிடிக்கிற கையா அது?"

அவர் அறுத்துப் போட்டதையெல்லாம் அவிழ்த்த கை எது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

வகுப்பு, துறையை ஒட்டிய பழைய சரக்குக் கொட்டகையில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் ஒரு சின்னப் பெண். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. கமாண்டர் கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டார்.

"பாப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கயிறு கட்ட ஆரம்பிச்சவன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் சார். காலை மட்டும் எடுங்க. கயித்தை மிதிச்சிட்டிருக்கீங்க" என்றாள் அவள். "மிதிச்சா மணல் உள்ள போகும். போனா உள்ளேயே அறுக்கும்."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

இறுகாத வளையம் போடுவதை முதலில் காட்டினாள். கயிற்றில் சின்னதாக ஒரு சுழி, நுனியை அதன் அடியிலிருந்து மேலே இழுத்து, நீளக் கயிற்றின் முதுகைச் சுற்றி, வந்த வழியே திரும்ப உள்ளே விட வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது. இழுப்பு நின்றதும் கட்டைவிரலால் முடிச்சின் முதுகை வளைத்தால் தானாக இளகிவிடும். "பிடிக்கிறது பாதி வேலைதான்" என்றாள். "விடச் சொன்னா விடணும். விடாதது முடிச்சில்ல, சிக்கு." நான் கமாண்டரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு கயிறுகளைச் சேர்ப்பது. ஒன்றை மடக்கிக் கண்ணியாகப் பிடித்து, மற்றதை அதற்குள் நுழைத்து, பின்பக்கம் சுற்றி, தன் அடியிலேயே செருக வேண்டும். அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கையில் அது முடிந்திருந்தது. கொடியில் நான் போட்டதெல்லாம் அதுதான். அதற்கென்று ஒரு முறை இருப்பதே எனக்குத் தெரியாது.

"அக்கா, இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சு விழித்துக்கொண்டது. "எல்லாம் நான் அறுத்துப் போட்டதுல கத்துக்கிட்டதுதான் பாப்பா" என்றது. பெருமையைப் பார்! அதிலும் தனக்குப் பங்கு கேட்கிறது.

அன்றிலிருந்து நான் படகுக் கயிற்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். இன்ஜினுக்கு அடியில் எண்ணெயில் ஊறிக் கிடந்ததை இழுத்து வெளியே போட்டேன். சேறும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசினேன். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினேன். முனைகள் பிரியாமல் நூலைச் சுற்றி இறுக்கினேன். கமாண்டர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"கயித்தைக் குளிப்பாட்டறியா? பவுடர் போட்டு விடேன், பொட்டு வெச்சு விடேன்!"

"இத முறுக்கிப் பாருங்க. உள்ள மாவா உதிருது. இந்த இடம் தாங்காது."

"நான் போடற முடிச்சுல எல்லாம் தாங்கும்."

உளுத்த அந்த இடத்தை நானே வெட்டியெறிந்துவிட்டு, நல்ல முனைகளைச் சேர்த்து வைத்தேன்.

என்ன ஜென்மமோ இது என்று எனக்கு நொந்துபோயிற்று. இவருடைய ஜம்பத்தில்தான் எங்கள் சோறு தொங்கிக்கொண்டிருந்தது. இவர் தேறாவிட்டால் நான் தேறியாக வேண்டும். எனக்குப் பரீட்சை என்று ஒன்று எழுதியே பழக்கமில்லை. சமைக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், மடியில் ஒரு முழக் கயிற்றை வைத்துக்கொண்டு விரல்கள் போட்டுப் போட்டு அவிழ்த்தன.

பரீட்சை அன்று துறையில் கூட்டம். கமாண்டர் தொப்பியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பரிசோதகர் தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு வழுக்கைத் தலையர். யார் முகத்தையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அவரவர் படகுக் கயிற்றைக் கேட்டு வாங்கி, இடையிடையே முறுக்கித் திறந்து பார்த்தார். எங்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு, "யார் பார்த்துக்கறது?" என்றார்.

"நான்தான்" என்றார் கமாண்டர்.

பொய் சொல்வதற்குக்கூட ஒரு கணம் யோசிக்க வேண்டாமா?

"தூண்ல கட்டுங்க."

கமாண்டர் கட்டினார். சுற்று, முடிச்சு, அதன்மேல் முடிச்சு, தலையில் ஒன்று. அன்றைக்குக் கூட்டத்துக்காக மேலும் ஒன்று. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். யாரோ கைகூடத் தட்டினார்கள். பரிசோதகர் தன் உடம்பு முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு. அவிழுங்க."

கமாண்டர் சட்டைப்பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்தார்.

பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவிழ்ப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். பரிசோதகர் கத்தியைப் பார்த்தார், கமாண்டரைப் பார்த்தார், அந்தக் காலையில் முதல் தடவையாகத் தூக்கம் தெளிந்து நிமிர்ந்தார். "கத்தி எதுக்கு? கையால அவிழுங்க." கமாண்டர் நோண்டினார். நோண்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் முதலில் தொண்டையைச் செருமியது, அப்புறம் சிரித்தது. அந்தச் சின்னப் பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும். அடுத்த ஆள்" என்றார் பரிசோதகர்.

என் கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. சுழி, மேலே, முதுகைச் சுற்றி, உள்ளே. அவர் இழுத்தார். அவிழ்க்கச் சொன்னார். கட்டைவிரலால் வளைத்தேன், விட்டது. சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். "கயித்தை அலசினது நீங்கதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். படகின் பொறுப்பில் என் பெயர் ஏறியது.

அன்று சாயந்தரம் கமாண்டர் முறைப்பாகவே இருந்தார். கடைசி நடை முடிந்ததும், நான் சீட்டுப் பையை மூடுவதற்குள் குதித்துப் போய்ப் படகைக் கட்டினார். கட்டினார் என்றா சொல்வது? இருந்த கோபம் முழுவதையும் அந்தத் தூணின்மேல் கொட்டினார். நான் தடுக்கவில்லை. அவருடைய கத்தியை மட்டும் கேட்டு வாங்கி, ஓட்டுநர் அறையில் ஒரு ஆணியில் மாட்டிப் பூட்டினேன். "ஆபத்துக்கு எடுக்கறது இது. இருக்கவேண்டிய இடம் இங்கதான்" என்றேன். சாவி என்னிடம்.

காலையில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டேன்.

"அவிழ்த்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

கமாண்டர் சட்டைப்பையைத் தடவினார். குனிந்தார். தினமும் எங்கள் படகில் வருகிற மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" என்றார்.

"கமாண்டர் அவிழ்க்கிறார்."

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நகம் பிய்ந்தது, வியர்வை கொட்டியது, தொப்பி கழன்று தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அதை எடுக்கக்கூட அவருக்கு நேரமில்லை. நான் இதற்காக ஆசைப்பட்டவள்தான், மறைக்க மாட்டேன். மனசு குளிரும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான்.

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "எந்த முனையைக் கடைசியா உள்ள விட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாது" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. அறையைத் திறந்து கத்தியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அறுங்க. இதுதான் கடைசி."

அறுத்தார். தூணில் மிஞ்சியதை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பரீட்சையில் திணறிய மனிதர் குனிந்து என் விரல்களையே பார்த்தார். அந்தத் துண்டையும் படகுக் கயிற்றின் அறுந்த நுனியையும் அவர் கையில் வைத்தேன்.

"ரெண்டையும் சேர்த்து வைங்க. ஒண்ண மடக்கிக்கிட்டு, அடுத்ததை அதுக்குள்ள விட்டு, பின்னால சுத்தி, அதுக்கு அடியிலயே செருகுங்க."

படகை எடுத்தேன். அவர் தொப்பியில்லாத தலையோடு முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். அக்கரை வந்தது. கயிறு இரண்டாகவே இருந்தது. வேறு கயிற்றால் நானே கட்டி, ஆட்களை இறக்கி, ஏற்றி, திரும்பினேன். பாதி ஆற்றில் அவர் எழுந்து வந்தார். கையை நீட்டினார். சேர்த்திருந்தார்.

நான் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தேன். உருவிக்கொண்டு வந்துவிட்டது.

"மறுபடி போடுங்க" என்றேன்.

அவர் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, மறுபடி ஒன்றை மடக்கினார்.