வாசலில் கிடந்தவள்

மாடிப்படியில் கனமான பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஜிபார் கணினியிலிருந்து நிமிர்ந்தாள். சைராகுல் கதவைத் தட்டவில்லை. மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டுநர்களின் ஆரஞ்சு மேலங்கியோடு உள்ளே வந்தவள், தோளில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டிவிடாமல் மேசைக்கு எதிரே நின்றாள். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் ஒருவர் பூட்ஸைக் கழற்றாமல் வீட்டுக்குள் வருகிறார் என்றால் விருந்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

“அதை எடுத்துடு” என்றாள்.

எதை என்று ஜிபார் கேட்கவில்லை. மார்ச் எட்டு, மகளிர் தினத்துக்காக அவள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கணினியில் வரைந்த பெண்களின் வரிசையில் ஒரு படம் அது. பாட்டுக்காரி, மருத்துவச்சி, மலையேறுகிறவள் என்று ஒவ்வொருத்தியாக வரைந்து, கடைசியில் வைத்தது சைராகுலை. இன்று மாலை பெரிய நாற்சந்தியின் விளம்பரத் திரையில் எல்லாப் படங்களும் ஓடப்போகின்றன. தோழி பெரிசாத் யார் யார் காலிலோ விழுந்து அந்தத் திரையை வாங்கியிருந்தாள். ஆர்வக்கோளாறில் சைராகுல் படத்தை மட்டும் ஜிபார் நேற்றே இணையத்தில் போட்டுவிட்டாள். அதுதான் வரிசையிலேயே சிறந்த படம் என்று அவளுக்குக் கர்வம்.

கர்வப்படும்படித்தான் இருந்தது படம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் கட்ட வந்த வெள்ளைத் துணியை உதறி எறிந்துவிட்டு வாசலைக் கடக்கிறாள். ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, படியின் குறுக்கே, பல்லைக் கடித்தபடி படுத்திருக்கிறாள், அவளைத் தூக்கிக்கொண்டு வந்த பையனைப் பெற்றவள். அங்கே கல்யாணத்துக்காகத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணின் தலையில் அந்தத் துணி ஏறிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. திமிறினால் வீட்டில் மூத்தவள் வாசலில் படுத்துக்கொள்வாள். பெரியவளைத் தாண்டிப் போகிறவள் உருப்படமாட்டாள் என்பார்கள். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பெண்கள் வாசல்வரை வந்து திரும்பிப்போய்த் துணிக்குத் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். இவள் கொடுக்கவில்லை. அதனால்தான் இவளை வரைந்தாள்.

“திட்டுறவங்க திட்டட்டும் அக்கா. நல்லது சொல்றவங்கதான் ஜாஸ்தி. பாருங்களேன்.”

“பாத்தேன். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் எழுதியிருக்கான். ‘தாண்டினா பாரு, அதான் புருஷனை முழுங்கிட்டு நிக்கிறா’ன்னு. அதுக்குக் கீழ நீ ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்க.”

ஜிபாருக்கு முகம் சுண்டிவிட்டது. வந்த எல்லாவற்றுக்கும் படிக்காமலேயே இதயம் போட்டுக்கொண்டு போனதில் நேர்ந்தது அது.

“மன்னிச்சுக்குங்க. அதை உடனே அழிச்சிடறேன். ஆனா படம்... நீங்கதானே வரையச் சொன்னீங்க?”

“வரையச் சொன்னேன். பொய்யை வரையச் சொல்லல. நான் யாரையும் தாண்டல.”

தண்ணீர் கொதித்து, கெட்டில் தானாக அணைந்தது. ஜிபார் விருந்தாளிக்கு ஊற்றும் வழக்கப்படி கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றி, ரொட்டியை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். சைராகுல் கதை சொன்ன நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காரில் திணித்தது, மலைப்பாதை, மணப்பெண்ணுக்கான துணித் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தது, சுற்றி நின்று பெண்கள் கெஞ்சியது எல்லாம் சொன்னாள். வாசல் வந்ததும், ‘அப்புறம் வெளிய வந்துட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டாள். ஜிபார் மேற்கொண்டு கேட்கவில்லை. எப்படி வந்திருப்பாள் என்று ஊருக்கே தெரியுமே. இந்த நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்த இடத்தைத் தானாக நிரப்பிக்கொண்டிருப்பாள்.

“அந்தம்மா குறுக்க படுத்திருந்தா” என்றாள் சைராகுல். “நான் முன்னால போய் நின்னுட்டேன். தாண்ட மனசு வரல. எனக்கும் பயம்தான். அவ என் மூஞ்சியையே பாத்தா. உள்ள பொம்பளைங்க துணியைத் தேடிக்கிட்டிருந்தாளுங்க. அவ சத்தமில்லாம முழங்காலை மடக்கி, காலைப் பாவாடைக்குள்ள இழுத்துக்கிட்டா. ஒரு ஆள் போற அளவு வழி. நான் போயிட்டேன்.”

ஜிபார் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாத்தேன். மறுபடியும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டா. ‘ஐயோ, பாவி என்னைத் தாண்டிட்டுப் போறாளே’ன்னு மாரடிச்சு அழறா. என்னா அழுகை தெரியுமா. அவ புருஷன், மகனுங்க எல்லாம் ஓடி வர்றாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அவளே காலை மடக்கினான்னு தெரிஞ்சா அவளை என்ன செய்வாங்கன்னு.”

“இத்தனை வருஷம் அந்தப் பழியை நீங்க சுமந்தீங்களா அக்கா?”

“அவ எனக்கு வழி விட்டா. நான் வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதானே என்னால ஆனது.”

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. ஜிபார் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மறுமுனையில் பெரிசாத் மூச்சு வாங்கப் பேசினாள். திரைக்காரர்கள் மூன்று மணிக்குள் படங்கள் வேண்டும் என்கிறார்களாம். ஒன்று குறைந்தால் அந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திர விளம்பரத்தைப் போட்டுவிடுவார்களாம். ஜிபார் குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். பெரிசாத்தின் குரல் உயர்ந்தது.

“அடியே, இது அதைவிடப் பெரிய கதைடி. அந்தக் காலை மடக்கினவளைப் போடு. ரெண்டு பொம்பளையையும் போடு. நகரமே நின்னு பாக்கும்.”

உண்மையைச் சொல்வதானால், ஜிபாரின் கையும் அதற்குத்தான் பரபரத்தது. மடங்கும் முழங்கால், அந்தப் பார்வை, இருவருக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். அவள் வாழ்நாளில் வரையப்போகிற நல்ல படம் அதுவாக இருக்கலாம். அவள் திரும்பினாள். சைராகுல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன அறை, எல்லாம் கேட்டிருக்கும்.

“அவ இன்னும் உசுரோடதான் இருக்கா” என்றாள் சைராகுல். “படுத்த படுக்கை. என்னைத் தூக்கிட்டுப் போன அதே மகன் வீட்லதான் இருக்கா. அவன் போடுற ரொட்டி, அவன் மூட்டுற அடுப்பு. குடிச்சா அவன் மனுஷன் இல்ல. இப்ப நீ வரைஞ்சு காட்டினா, அவளால எழுந்து ஓடக்கூட முடியாது.”

“அப்ப நான் என்னதான் அக்கா செய்யறது?”

“எனக்கு வரையத் தெரியாது. வண்டி ஓட்டத்தான் தெரியும். பொய்யும் வேணாம், அவளைக் காட்டிக் குடுக்கவும் வேணாம். நடுவுல வழி இருந்தா பாரு. இல்லன்னா துணி துவைக்கிற மிஷினே ஓடட்டும்.”

அவள் கிளம்பினாள். வாசலில் ஏதோ தோன்றித் திரும்பி வந்து, நின்றபடியே ரொட்டியில் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ரொட்டியைத் தொடாமல் போனால் அந்த வீட்டோடு உறவு அறுந்ததாக ஆகிவிடும். ரொட்டியின் பிய்ந்த ஓரத்தைப் பார்த்ததும்தான் ஜிபாருக்கு அழுகை வந்தது.

பிறகு அவள் கணினித் திரையின் முன் உட்கார்ந்து, முதலில் இணையத்தில் போட்டிருந்த படத்தை எடுத்தாள். ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனி அடுக்காக வரைந்திருந்ததால், கிழவியின் அடுக்கை அணைக்க ஒரு தட்டு போதும். தட்டினாள். படியில் யாரும் இல்லை. அந்தரத்தில் தூக்கியிருந்த காலை இறக்கி, மண்ணில் ஊன்றவைத்தாள். படம் செத்துப்போனது. வழியில் எவருமே இல்லாத வாசலை யார்தான் கடக்கமாட்டார்கள்? பெரிசாத் மறுபடி மறுபடி அழைத்தாள், ஜிபார் எடுக்கவில்லை. பேனாவைக் கதவோரத்து நிழலுக்குக் கொண்டுபோனாள்.

மாலையில் நாற்சந்தியில் ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் மிமோசாப் பூங்கொத்துகளோடு பெண்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கம் சில இளைஞர்கள் நின்று வாய்க்கு வந்ததைக் கத்தினார்கள். ஜிபார் கூட்டத்துக்கு நடுவே தலையைக் குனிந்து நின்றாள். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்ததாகத்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஊரிலிருந்து எவனாவது பார்த்து, நின்று யோசித்தால்? அனுப்பிய நிமிடத்திலிருந்து அந்தப் பயம் அவளை விடவில்லை.

கடைசிப் படம் வந்தது. கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு பெண் வாசலைவிட்டு வெளியே நடந்தாள். கதவோரத்து நிழலில், ஒரு பாவாடை விளிம்பின் கீழே, உள்ளே இழுத்துக்கொண்ட ரப்பர் காலணி ஒன்றின் கறுப்பு முனை மட்டும் தெரிந்தது.

“கீழ என்னவோ கறுப்பா இருக்கே” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. “அழிக்க மறந்துட்டாங்க போல.”

“ஆமா, மறந்துட்டாங்க” என்றாள் ஜிபார்.

சிவப்பு விளக்குக்கு ஒரு டிராலிபஸ் வந்து நின்றது. தண்ணீர் துடைப்பான் இடமும் வலமுமாக ஆட, கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு மேலங்கி தெரிந்தது. அந்த முகம் திரையை நோக்கி நிமிர்ந்தது, பிறகு மெல்லப் படத்தின் அடிப்பகுதிக்கு இறங்கியது. பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. டிராலிபஸ் நகரவில்லை.