வாலுவின் நாடித்துடிப்பு

என் மனைவிக்குப் பயத்தை அளப்பதுதான் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறாள். பரீட்சை என்றால் பிள்ளைகளுக்கு ஏன் கை சில்லிட்டுப் போகிறது, படித்ததெல்லாம் ஏன் மறந்துபோகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டி நாடித்துடிப்பைப் பார்ப்பாள். துணி கிளிப் மாதிரி விரலைப் பிடித்துக்கொள்ளும் அதற்கு எங்கள் வீட்டில் 'கவ்வி' என்று பெயர். வைத்தவள் எங்கள் மகள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் பள்ளி இறுதித் தேர்வில், கணக்குப் பரீட்சையன்று, வாலு பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு, பள்ளி வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஒண்ணுமே வரலம்மா. கையெல்லாம் நடுங்குது."

மனைவி அவளைக் கட்டிக்கொண்டு, "இது பரீட்சை பயம்ங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள். இத்தனை பிள்ளைகளின் பயத்தை அளந்தவள் சொல்லும்போது நான் என்ன எதிர்த்துப் பேச? நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிவர்ஸ் கியரைக் கண்டால் வருகிற பயம்தான்.

அந்தக் கணக்கை இந்த வருடம் திரும்ப எழுத வேண்டும். வாலுவுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. கணக்கில் தேறாமல் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. இந்தத் தடவையும் எழுந்து வந்தால் இனிமேல் உட்காரவே மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் மனைவி கவ்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தினமும் காலையில் வாலுவின் விரலில் மாட்டுவாள். வந்த எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய வரைபடத்தில் புள்ளியாக வைப்பாள். சொந்தக்காரர்களை அளக்கக் கூடாது என்று தன் மாணவிகளிடம் படித்துப் படித்துச் சொல்பவள்தான். வீட்டில் அந்த விதிக்கு லீவு.

தேர்வு நெருங்க நெருங்கக் கோடு மேலே ஏறியது. வீடே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. டிவி கிடையாது. நான் தும்மினால்கூட முறைப்பு. மனைவி மகளிடம் பேசும் குரலே மாறிப்போனது: "பயப்படாதம்மா... மெதுவா மூச்சு விடு..." வாலு கண்ணை உருட்டுவாள். கோடு இன்னும் கொஞ்சம் ஏறும்.

தேர்வுக்கு முந்தைய நாள் எண் நூற்றுப் பதினெட்டு.

"என்னங்க, இந்தத் தடவை வேணாம்னு விட்டுடலாமா?" என்றாள் மனைவி. "உள்ள போய் மயங்கி விழுந்துட்டா?"

நான் தலையாட்டினேன். என் வீரமெல்லாம் ஸ்டியரிங்கில் கை இருக்கும்வரைதான். அறைக்குள்ளிருந்து வாலு கத்தினாள்: "நான் எழுதுவேன்!" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் மனைவியின் ஆய்வு மாணவி கவ்வியோடு நின்றிருந்தாள். அங்கே விதி விதிதான். மனைவி மகளை அளக்க முடியாது. நாங்கள் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம். வாலு விரலை நீட்டினாள், அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், உள்ளே போய்விட்டாள்.

மாணவி எங்களிடம் வந்தாள். "மேடம், எழுபத்தாறு."

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் மனைவி. பிடுங்கித் தன் விரலில் மாட்டினாள். நூற்று இருபத்தொன்று. என் விரலில் நூற்றுப் பத்து. மாணவியின் விரலில் எழுபத்து நான்கு. மெஷின் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

மணி அடித்தது. அதற்குமேல் கேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பதைத் தவிர எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கேட் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மனைவி என் கையைப் பிடித்து நெரித்தாள். வாட்ச்மேன் டீ வாங்கப் போனதற்குக்கூட நெரித்தாள். போன வருடம் வாலு வெளியே வந்த நேரம் கடந்துபோனது. அவள் வரவில்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

கடைசி மணிக்குப் பிறகு, எல்லோருடனும் கூட்டமாக, விரலெல்லாம் மையோடு வந்தாள்.

"பசிக்குதும்மா."

"எழுதினியா?"

"எழுதினேன். கடைசிக் கணக்கு மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு. பாஸ் ஆயிடுவேன்."

வயிற்றில் பாலை வார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மனைவி விடுகிற ஆளில்லை. "வீட்ல நூத்திப் பதினெட்டு, இங்க எழுபத்தாறு. அது எப்படிடி?"

"வீட்ல நீ மாட்டுற. மாட்டிட்டு நம்பரப் பாப்ப. நான் உன் முகத்தப் பாப்பேன். நேத்தைவிட ஏறிடுச்சோன்னு உன் முகம் போற போக்குலயே எனக்குப் படபடன்னு அடிச்சுக்கும். பரீட்சைக்கு நான் பயப்படவே இல்லம்மா. இந்த வருஷம் படிச்சிருக்கேன்ல?"

மனைவி 'இந்த வருஷம்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப போன வருஷம்?"

வாலு என்னைப் பார்த்தாள். எனக்கும் அதுதான் கேள்வி.

"போன வருஷம் ஒண்ணும் படிக்கல. கைநடுக்கம் வராம வேற என்ன வரும்? வீட்டுக்கு வந்து சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே அதுக்கு ஒரு பேர் வெச்சுட்ட. திட்டு விழும்னு நெனச்சா, தலைய தடவி சூடா பால் குடுத்தீங்க. நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

படிச்சியா என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவே இல்லை. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்காரும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் அதில் காலை வைத்தாலே கற்றுக்கொள்பவர்களுக்கு ஸ்டியரிங் ஆடும். தினமும் பார்க்கிறேன். வீட்டில் ஒரு வருடமாக நாங்கள் இருவருமே அந்தப் பிரேக்கில்தான் ஏறி நின்றிருந்தோம்.

மனைவி திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, காரில் சாய்ந்துகொண்டாள். வாலு அவள் கையிலிருந்த கவ்வியை வாங்கி அவள் விரலிலேயே மாட்டினாள்.

"பயப்படாதம்மா," என்றாள், அதே ஆஸ்பத்திரிக் குரலில். "மெதுவா மூச்சு விடு."

எண் இறங்க ஆரம்பித்தது. பசிக்கிறது என்றவள், அது தொண்ணூறுக்குக் கீழே வரும்வரை அம்மாவின் கையை விடவில்லை. எண்ணைப் பார்த்தது நான்தான்; அவள் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.