பாலத்துப் பணம்

1993 பிப்ரவரி எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லிபாவா தபால் ஆபீசில், பஸ் டிரைவர் அலோய்ஸ் குபிட்சாவின் பணம் ஸ்லோவாக்கியாவில் சேர மறுத்தது. ஊரில் மற்ற எல்லாருடைய பணமும் சேர்ந்துவிட்டது. செக், ஸ்லோவாக்கியா என்று நாடு இரண்டாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பிரிந்தாலும் பணம் பொதுவாகவே இருக்கும், குறைந்தது ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று புத்தாண்டன்று ரேடியோவில் சொன்னார்கள். அதை வரிக்கு வரி நம்பியவர் அலோய்ஸ். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. புது நோட்டு அச்சாகி வர நாளாகும் என்பதால், பழைய நோட்டின் மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு முத்திரை ஒட்ட வேண்டும், ஒட்டினால் அது நம் பணம், ஒட்டாவிட்டால் வெறும் காகிதம் என்று உத்தரவு வந்தது. எல்லையான மொராவா ஆற்றுக்கு அக்கரையில் செக் நாட்டுக்காரர்களும் அவர்கள் முத்திரையை அதேபோல ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அலோய்ஸ் நோட்டில் ஒட்டிய முத்திரை ஒரு நிமிடம் இருந்தது. பிறகு காய்ந்த இலை போலக் கழன்று மேஜையில் விழுந்தது. தபால் ஆபீஸ் அம்மாள் ஃபிலோமேனா இரண்டாவது ஒட்டினாள், மூன்றாவது ஒட்டினாள். அவை கழன்று அவளுடைய முழங்கையில், மேஜை மணியில், வரிசையில் நின்ற கசாப்புக்காரரின் நெற்றியில் எல்லாம் உறுதியாக ஒட்டிக்கொண்டன. ஈஸ்டர் நோன்புக்கு முந்தின கொண்டாட்டக் காலம் அது. வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் கையில் ஷிஷ்கி வைத்திருந்தார்கள். பன்றிக்கொழுப்பில் பொரித்து, உள்ளே ஆப்ரிகாட் ஜாம் வைத்த உருண்டை. எண்ணெய்க் கைதான் காரணம் என்று எல்லாரையும் கை கழுவ வைத்தார்கள். பயனில்லை. உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசை செய்து பார்த்தார்கள். அதுவும் வழுக்கியது.

"காலையிலேர்ந்து நானூறு நோட்டு ஒட்டிட்டேன் அலோய்ஸ். உன்னோடதுக்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்றாள் ஃபிலோமேனா.

"நோட்டைக் கேளு. என்னை ஏன் கேக்குற?"

"கேட்டேன். அது உன்னை மாதிரியே உம்முனு இருக்கு."

முப்பத்தெட்டாயிரம் கொருனா. பத்தொன்பது வருடச் சம்பளத்தில் அவரும் மனைவி ஒத்தீலியாவும் மிச்சம் பிடித்தது. அந்தப் பத்தொன்பது வருடமும் அவர் ஓட்டியது ஒரே பஸ், ஒரே தடம்: லிபாவாவிலிருந்து மொராவா ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரை ஹோடொனின் வரை, நாளைக்கு ஏழு நடை. எல்லை வந்ததும் தடத்தை ரத்து செய்துவிட்டு, பஸ்ஸை வெள்ளிக்கிழமை விற்பதாகப் போக்குவரத்துக் கழகம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாங்க ஆளில்லை என்றால் சனிக்கிழமை காலை பழைய இரும்புக்குப் போகும். அலோய்ஸ் அதை வாங்கித் தன் செலவில் அதே தடத்தில் ஓட்டுவதென்று முடிவு செய்திருந்தார். கையில் பணம் இருந்தது, பஸ் இருந்தது, பயணிகளும் இருந்தார்கள். நகம் அளவுக் காகிதம் ஒன்றுதான் ஒத்துழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போனார். கணக்குப் புத்தகத்தில் காசாளர் எழுதிய தொகை மை காயும் முன்பே மறைந்தது. நான்காவது தடவை எழுதிவிட்டுக் காசாளர் பேனாவை மூடிவைத்துச் சாப்பிடப் போய்விட்டார். அன்று மாலை மதுக்கடையில் இதைப் பற்றி ஊரே வாதாடியது. பேசாமல் ஜெர்மன் மார்க்கை வைத்துக்கொண்டிருக்கலாம், அதில் யாரும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை என்றார் பள்ளி ஆசிரியர். மார்க் எதற்கு, ஆஸ்திரிய ஷில்லிங் போதாதா, தெளிவான நாளில் மாதா கோயில் கோபுரத்திலிருந்து பார்த்தால் அந்த நாடே தெரியும் என்றார் கசாப்புக்காரர். அவர் நெற்றியில் இன்னும் முத்திரை இருந்தது. பழைய பணமே பொதுவாக இருந்திருக்க வேண்டும் என்றார் கோயில் மணியடிப்பவர். சொந்தப் பணம் இல்லாத நாடு வாடகை வீடு என்றாள் ஃபிலோமேனா. யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. தப்பு அலோய்ஸ் பேரில்தான் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

புதன்கிழமை நடந்தே பாலத்தைக் கடந்து ஹோடொனின் போனார். அங்கேயும் முத்திரை நிற்கவில்லை. அதோடு, இக்கரைக்காரனுக்கு அக்கரை முத்திரை ஏன் என்று வேறு கேட்டார்கள். திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் ஒருத்தி கூடையில் ஷிஷ்கி விற்றுக்கொண்டிருந்தாள். வெறுத்துப்போய் ஒரு நூறு கொருனா நோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு சில்லறை கொடுத்தாள்.

"இதுல முத்திரை இல்லையேம்மா."

"இங்க யாரு கேட்டா? பாலம் எந்த நாட்டுதுன்னு ரெண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணல. அதுவரைக்கும் பழைய பணம்தான்."

நான்கு ஷிஷ்கி தின்றார். இக்கரைச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வயிறு காலியாகி, காலையிலிருந்து எதுவும் தின்னாதவர் போலப் பசித்தது. நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார். அவர் செய்த தவறு இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கழகத்து இன்ஜினியர் பிளாஷ்கோவிச் பிராத்திஸ்லாவாவிலிருந்து வந்தார். ஏலத்துக்கு வந்தது அலோய்ஸ் ஒருவர்தான். முத்திரை இல்லாத பணத்தை இன்ஜினியர் தொடவே மாட்டேன் என்றார். அலோய்ஸ் இரண்டு மணி நேரம் வாதாடினார். கடைசியில் குரல் தாழ்ந்து, பாலத்துக்கு வந்து விற்றால் போதும், அங்கே இது செல்லும் பணம் என்றார்.

"குபிட்சா, எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். பாலத்து மேல நின்னு கையெழுத்துப் போட்டதில்ல."

"சரிங்க, நாளைக்கு இரும்புக்கடையில நின்னு போடுங்க."

இன்ஜினியருக்குக் குளிர் தாங்கவில்லை, ஊர் திரும்பும் அவசரம் வேறு. ஒப்புக்கொண்டார். அலோய்ஸ் பஸ்ஸை ஓட்டிவந்து பாலத்தின் நடுவில் நிறுத்தினார். இன்ஜினியர் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்தார், பத்திரத்தில் கையெழுத்திட்டார், கை குலுக்கினார். பாலத்தின் முனைக்கு வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. இன்ஜினியர் ஒரு அடி முன்னால் போனார்; பெட்டி இடுப்பு உயரத்தில் காற்றிலேயே நின்றது. இரண்டு சுங்கக்காரர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கைப்பிடி கையோடு வந்தது. அதே நேரம் அலோய்ஸ் ஹோடொனின் பக்கம் பஸ்ஸைக் கிளப்பினார். பாலம் முடியும் இடத்தில் இன்ஜின் உறுமியது, சக்கரம் சுழன்றது, பஸ் ஒரு அங்குலம் நகரவில்லை. பின்னால் எடுத்துத் திருப்பி லிபாவா பக்கம் வந்தார். அங்கேயும் அப்படித்தான்.

"பாலத்துப் பணத்துக்குப் பாலத்து பஸ்தான் கிடைக்கும்" என்றாள் ஷிஷ்கிக்காரி. அவளுடைய கூடை அங்கே எத்தனை நாளாக இருக்கிறது என்று அப்போதுதான் அலோய்ஸ் கேட்டார். ஜனவரியிலிருந்து, வீட்டுக்கு எடுத்துப்போக முடியவில்லை என்றாள்.

அலோய்ஸ் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அரைமணி நேரம் தனக்குத் தெரிந்த எல்லா வசவையும் சொல்லித் தீர்த்தார். பிராக், பிராத்திஸ்லாவா, பசை, ரேடியோ, ஒன்றும் விடுபடவில்லை. பிறகு ஒத்தீலியா மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, வாசல் கதவைத் திறக்கச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் குளிரில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள்.

பாலத்தின் நீளம் இருநூற்றுப் பதினான்கு மீட்டர். அன்றிலிருந்து தினம் ஏழு நடை, நேரம் பழைய அட்டவணைப்படி. கட்டணம் இரண்டு கொருனா, முத்திரை இல்லாதது. பழைய பணம் இல்லாதவர்களுக்கு ஷிஷ்கிக்காரி சில்லறை மாற்றிக் கொடுத்தாள். கழகம் அந்தப் பெட்டிக்காகப் பாலத்தில் ஒரு குடிசை கட்டி ஒரு குமாஸ்தாவைப் போட்டது. புது நோட்டுகள் வந்தன, முத்திரை ஒட்டிய நோட்டுகள் போயின. இரண்டு நாடுகளும் போட்ட எல்லை ஆணையம் பாலத்தைப் பற்றி நான்கு முறை கூடி நான்கு முறை ஒத்திவைத்தது. 2007-இல் இரண்டு சுங்கச்சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள். அன்று காலை அலோய்ஸ் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு முழு வேகத்தில் முனைவரை வந்து பார்த்தார். பஸ் நின்றது. 2009-இல் ஸ்லோவாக்கியாவுக்கு யூரோ வந்தது. பாலத்துக்கு வரவில்லை.

அந்த வருடம் ஓய்வுபெற்ற ஃபிலோமேனா, முதல் நாளே கைப்பையோடு பஸ்ஸில் ஏறினாள்.

"ஹோடொனினுக்கு ஒண்ணு குடு."

"பாலம் முடியற வரைக்கும்தான் போவும்."

"தெரியும். ஹோடொனினுக்குத்தான் குடு."

அலோய்ஸ் டிக்கெட்டில் ஹோடொனின் என்றே எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பஸ் கிளம்பி, ஒன்றரை நிமிடத்தில் நின்றது. எல்லாரும் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தார்கள்.